கைப்பிடி அரிசி வாங்கிச் செந்தூர் வரை

பிச்சை எடுப்பது சுலபமான தொழில் என்று சொல்கிறவர்கள் ஒரு தெருவாவது எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ரங்கூனில் ஓர் அரிசிக் கம்பெனியில் நான் பார்த்த உத்தியோகத்துக்கு நாற்காலி இருந்தது, மேஜை இருந்தது, தலைக்கு மேலே கயிறு கட்டி இழுக்கிற விசிறி இருந்தது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழும் இங்கிலீஷும் அங்கே எனக்குச் சோறு போட்டன. இந்தத் தொழிலுக்கு ஒரு மஞ்சள் வேட்டி, ஒரு துண்டு, ஒரு பை, கூச்சமில்லாத தொண்டை இவ்வளவும் போதும். முதல் மூன்றும் கடையில் கிடைத்தன.

நேர்ந்துகொண்டவன் நானும் இல்லை. என் மகள் செண்பகம் விஷக்காய்ச்சல் கண்டு, பிழைப்பாளோ மாட்டாளோ என்று கிடந்தபோது நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். இங்கே ஆழ்வார்குறிச்சியில் என் மனைவி காந்திமதி, “பிள்ளை பிழைச்சா அவ அப்பா நடந்தே வந்து, வழியெல்லாம் மடிப்பிச்சை எடுத்து உன் சன்னதியில சேர்ப்பாவ” என்று செந்தூர் முருகனிடம் சொல்லிவிட்டாள். தன் கழுத்துச் சங்கிலியை நேர்ந்திருக்கலாம். என் காலை நேர்ந்தாள். மகள் பிழைத்தாள். நான் உத்தியோகத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பெரிய வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பேசினோம். நிச்சயதாம்பூலத்துக்கு முன்னால் நேர்ச்சை தீர வேண்டும் என்று காந்திமதி பிடிவாதம் பிடித்ததால், மாசித் திருவிழாவுக்கு நடக்கிற கூட்டத்தோடு நானும் கிளம்பினேன்.

ஆற்றோரமாகவே செந்தூருக்கு நடக்கிறவன் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கோட்டும் தலைப்பாகையுமாக நான் போய் உட்கார்ந்து விருந்து சாப்பிட்ட சம்பந்தி வீட்டு வாசலில், துண்டை விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். பார்த்துவிட்டால் சம்பந்தம் என்ன ஆகும்? மகளின் கல்யாணத்தை மடியில் கட்டிக்கொண்டு நடக்கிறவன் போலத்தான் நான் நடந்தேன். துண்டேந்தி நடந்த அன்பர்களே, அந்த நடையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சொந்த வாசல்

எங்கள் கூட்டத்தை நடத்திக்கொண்டு போனவள் பேச்சியம்மை. எங்கள் ஊர்ச் சந்தையில் காய்கறி விற்கிறவள், என் வயதுதான் இருக்கும், வருஷந்தவறாமல் நடக்கிறவள். சட்டம் எல்லாம் அவளுடையது. ஓர் ஊரையும் எடுக்காமல் தாண்டக் கூடாது. தெருவுக்குள் நுழைந்தால் திறந்த கதவு ஒன்றையும் விடக் கூடாது. கிடைத்த அரிசியைத்தான் பொங்கித் தின்ன வேண்டும், மிச்சம் கோயிலுக்கு. அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு, முதல் பிடி அரிசியைச் சொந்த வீட்டு வாசலில் வாங்க வேண்டும் என்பது.

என் வீட்டு வாசலில் நான் அன்னியனைப் போல் நின்றேன். எதிர்வீட்டுக்காரர், அடுத்த வீட்டுக்காரர், வண்டியோட்டி எல்லாரும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். “அரோகரா, அம்மா பிச்சை” என்று கூப்பிட வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பேச்சியம்மை என் முதுகில் ஒரு குத்து விட்ட பிறகுதான் ‘அரோ’ மட்டும் வந்தது. செண்பகம் முறம் நிறைய அரிசியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள். துண்டு தாழ்ந்து, அரிசி என் கால்மேல் எல்லாம் கொட்டியது. “போதும்டி, அப்பா சுமக்கணும்லா!” என்று காந்திமதி உள்ளேயிருந்து அதட்டினாள். செண்பகம் முறத்தைத் துடைத்துத் தட்டிவிட்டுச் சொன்னாள்: “நெறைய இருந்தாத்தானப்பா, வழியில இல்லாதவங்களுக்கு நீங்க குடுக்க முடியும்?”

பல்

ரங்கூனில் ஒரு சீனாக்காரரிடம் கட்டிக்கொண்ட தங்கப் பல் ஒன்று எனக்கு முன்வரிசையில் இருக்கிறது. ஆபீசில் அதற்கு நல்ல மரியாதை இருந்தது. அதை ஒளிக்க வேண்டி வரும் என்று கட்டும்போது யாருக்குத் தெரியும்?

அம்பாசமுத்திரத்தில் முதல் தெரு. பேச்சியம்மை எதிர்வாடையில் தெரு அதிர ‘அரோகரா’ போட்டுக்கொண்டு போகிறாள். நான் ஒரு வாசலில் நின்று, பல் தெரியாமல் உதட்டைக் குவித்துக்கொண்டு, “அம்மா, கொஞ்சம் அரிசி கொடுக்கச் சௌகரியப்படுமா?” என்று கேட்டேன். கம்பெனியில் விண்ணப்பம் எழுதிய பழக்கம். உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, வாய் திறந்துவிட்டது. வெயில் நேரே பல்லில் பட்டது. வாசலில் கலப்பைக்குக் கொழு மாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்து, தலையைச் சாய்த்து, என் வாய்க்குள் இன்னொரு முறை பார்த்தார். பிறகு தன் கையாலேயே ஒரு பிடி அரிசி போட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தப் பல்லப் பிடுங்கி வித்தா ஒரு வருசத்துக்கு ஒக்காந்து திங்கலாமே வே, எதுக்கு வே எங்க வாசல்ல வந்து நிக்கீரு?”

ரயில்

சேரன்மாதேவிக்குப் போகிற வழியில் ரயில் பாதை பக்கத்திலேயே வருகிறது. செருப்பில்லாமல் நடந்து எனக்குப் பழக்கமில்லை. குதிகாலில் கொப்புளம் எழும்பி, உடைந்து, அதன்மேல் இன்னொன்று எழும்பியிருந்தது. அறுவடை முடிந்த வயலுக்குள் இறங்கினால் தாள் குத்துகிறது, மேட்டில் ஏறினால் சரளை குத்துகிறது. நான் பாதத்தின் ஓரத்தால் நண்டு மாதிரி நடந்துகொண்டிருந்தபோது ரயில் வந்தது. இதே ரயிலில்தான் கோட்டும் பெட்டியுமாக நான் ஊருக்கு வந்து இறங்கினேன். ஜன்னலோரம் ஒரு பெரியவர் என்னையும் என் நடையையும் பார்த்தார். அவர் முகத்தில் வந்த இரக்கத்தை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. மற்றவர்களைப் பார்க்கும்போது என் முகத்தில்தான் அது வரும். அவர் மடியிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பிய்த்து, பாதியை என்னைப் பார்த்து வீசினார்.

பழம் என் மார்பில் பட்டு விழுந்தது. குனிந்து எடுக்கவும் வெட்கம், எடுக்காமல் போகவும் வெட்கம். பசி வேறு. நான் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சியம்மை வந்து எடுத்து, மண்ணைத் தட்டி, உரிக்கத் தொடங்கிவிட்டாள். “எனக்குப் போட்டது” என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே. அவள் வாய் நிறையப் பழத்தோடு சட்டத்தைச் சொன்னாள்: “ஓடுத ரயிலு ஒரு ஊரா அண்ணாச்சி? இது பிச்சையில சேராது. நீங்க தின்னா நேர்ச்சை கெட்டுப்போவும், நான் தின்னுக்கிடுதேன்.”

பழைய சிநேகிதன்

பாளையங்கோட்டையில் திறந்த கதவு எதையும் விடாமல் வந்ததில், ஓட்டுச் சார்ப்பு இறக்கிய ஒரு வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் நிலைக்கு மேலே இருந்த சிலுவையைப் பார்த்தேன். நகர்ந்துவிடலாம் என்று திரும்புவதற்குள் ஆள் வந்துவிட்டார். வந்தவன் தேவசகாயம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தோம். இப்போது அங்கேயே வாத்தியார்.

“ஏலே, நீயா?” என்றான். துண்டைப் பார்த்தான், காலைப் பார்த்தான், கண் கலங்கிவிட்டது அவனுக்கு. “ரங்கூன் கம்பெனி முங்கிப்போச்சாலே?” “முங்கலலே, நேர்ச்சை” என்றேன். அவன் நம்பினான் என்று சொல்ல முடியாது. கிட்டே வந்து, பைய, “எங்கிட்ட என்ன வெக்கம்? எழுத்து வேலைக்கு நாலு எடத்துல சொல்லி வைக்கட்டா?” என்றான். ‘நேர்ச்சை, நேர்ச்சை’ என்று நான் சொல்லச் சொல்ல, அவன் இரக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து கவிழ்த்தான். பக்கத்து வீட்டு ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான்: “கோயிலுக்குப் போட்டேன்னா எங்க சபையில நாலு பேரு கேப்பாவ. நான் கோயிலுக்குப் போடல, ஒனக்குப் போடுதேன். நீ எங்க கொண்டுபோயிக் கொட்டுனா எனக்கென்னலே?”

வேகாத சோறு

நாற்பது வாசலில் வாங்கிய அரிசி நாற்பது விதமாக இருக்கும். புழுங்கல், பச்சை, சிவப்பு, நொய், போன வருஷத்துப் பழசு, களத்திலிருந்து நேற்று வந்த புதுசு. எல்லாம் ஒரே பானையில் விழுந்தால், ஒன்று குழையும்போது ஒன்று விதையாகக் கிடக்கும். ரங்கூனில் என் முன்னால் மூட்டை மூட்டையாக ரகம் பிரித்த அரிசி வரும். மூட்டையில் கம்பியைக் குத்தி எடுத்து, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, ‘இது சரி, இது தள்ளு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஆற்றங்கரையில் மருத மரத்தடியில் துண்டை விரித்து, அதே பழக்கத்தில் ரகம் பிரிக்க உட்கார்ந்தேன். பச்சையை ஒரு பக்கமும் புழுங்கலை ஒரு பக்கமும் ஒதுக்கி முடிப்பதற்குள் மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். பேச்சியம்மை வந்து, நான் கட்டிய குவியல்களை எல்லாம் காலால் ஒன்றாகத் தள்ளி, பானையில் போட்டுப் பொங்கி, என் முன்னால் இலையில் கொட்டினாள். ‘பல்லில் கடிபடுகிறது’ என்று நான் முகத்தைச் சுளித்தேன். “வேகாதது வயித்துக்குள்ள போயி வெந்துக்கிடும், பேசாம முழுங்குங்க” என்றாள்.

குடிசை

செய்துங்கநல்லூரைத் தாண்டி, சாலையோரம் நாலைந்து ஓலைக் குடிசைகள். அறுவடைக்கு வந்த கூலிக்காரர்கள். கதவே இல்லாததால், திறந்த கதவா மூடிய கதவா என்று சட்டம் பார்க்க வழியில்லை; நான் பேசாமல் கடந்துவிட நினைத்தேன். அதற்குள் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள். சின்னக் கொட்டாங்கச்சியில் அரிசி. உமி கலந்த அரிசி. களத்தில் சிந்தியதைக் கூட்டி எடுத்துக் குத்தியது. அந்தப் பிள்ளையின் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது.

எனக்கு மகள் சொன்னது ஞாபகம் வந்தது. “வேண்டாம்மா, நீ வச்சுக்கோ. நான் உனக்குக் கொஞ்சம் தாரேன்” என்று பையின் வாயை அவிழ்த்தேன். பெரிய தர்மம் செய்கிற நினைப்பு. அவள் முகம் செத்துவிட்டது. கூட வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கொட்டாங்கச்சியை நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. நான் பையின் வாயைக் கட்டிவிட்டுத் துண்டை விரித்தேன். அவள் அரிசியைக் கொட்டிவிட்டு, திரும்பி நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அறுக்கும்போது எங்க கை ஆவும். சாமிக்குப் போடும்போது மட்டும் ஆவாதாக்கும்!”

துண்டு

ஸ்ரீவைகுண்டத்துக் கோபுரம் தூரத்தில் தெரிந்ததும் என் கால் கொப்புளம் மறந்துவிட்டது. கொள்ளை யோசனைகள் வந்தன. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? ஆற்று மணலில் இறங்கி ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாமா? எங்கள் கூட்டத்தில் வாய்ப்பூட்டு நேர்ச்சைக்காரர் ஒருவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குப் புத்தி வேலை செய்தது. துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே முகம் முழுக்கச் சுற்றிக் கட்டினேன். பல்லும் மறைந்தது, முகமும் மறைந்தது.

பேச்சியம்மை திரும்பிப் பார்த்தாள். “என்னது, நடுவழியில புதுசா ஒரு நேர்ச்சை?” நான் விஷயத்தைச் சொன்னேன். மகள், சம்பந்தம், பெரிய வீடு, கோட்டு, விருந்து எல்லாவற்றையும் சொன்னேன். “நேர்ச்சைக்கு எடுக்கதுல என்ன கேவலம்? பெரிய பெரிய பண்ணையாரே எடுக்காவ” என்றாள். “ரங்கூன்காரன் பிச்சை எடுக்கிறான் என்கிற பேச்சு ஓடும், நேர்ச்சை என்கிற பேச்சு அதற்குப் பின்னால் நொண்டிக்கொண்டுதான் வரும்” என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். மனம் இளகிவிட்டாள் என்றே நினைத்தேன். “அது சரி அண்ணாச்சி,” என்றாள், “துண்ட வாயில கட்டிக்கிட்டா, அரிசிய எதுல வாங்குவிய?”

சம்பந்தி வீடு

துண்டை அவிழ்த்துக் கையில் ஏந்திக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தேன். மழிக்காத தாடி, உடம்பெல்லாம் திருநீறு, வெறும் மேல். சம்பந்தி வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். போன தடவை நான் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே தெருவுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்தவர். “அரோகரா” என்றேன். அவர் வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “கை சோலியா இருக்கு, அடுத்த வீடு பாரு” என்றார். என்னைத் தெரியவில்லை! பார்க்கவே இல்லை. ‘தப்பித்தேன்’ என்று எனக்குள் ஒரு சந்தோஷம் துள்ளியது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குத் தலை குனிகிறது.

திரும்புகிற நேரத்தில் பக்கத்து நடையிலிருந்து அந்த வீட்டு மூத்த மருமகள் வந்தாள். விருந்தன்று கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமாக மட்டும் நான் அறிந்தவள். இரண்டு கையையும் சேர்த்து அரிசி அள்ளி வந்திருந்தாள். அவள் வாசற்படி இறங்குவதற்குள், “யாரக் கேட்டுட்டி பானையத் தொறந்த?” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. சம்பந்தியம்மாள் வந்தாள். கோபமாகக்கூட இல்லை, தினம் செய்கிற வேலை மாதிரி, மருமகளின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அரிசியில் பாதிக்கு மேல் தன் முந்தானையில் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். விருந்தன்று எனக்கு இரண்டு தரம் பாயசம் ஊற்றிய கை அது. சம்பந்தி அடுத்த வெற்றிலையை எடுத்தார்.

மருமகள் மிச்சத்தை என் துண்டில் போட்டாள். மணிக்கட்டில் விரல் பதிந்த சிவப்பு. என்னையறியாமல் என் வாய் திறந்தது. அவள் பல்லைப் பார்த்தாள். அன்று கதவிடுக்கில் பார்த்த பல். கண்ணில் ஒரு திடுக்கிடல், அவ்வளவுதான். நாற்காலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிந்திய அரிசியைப் பொறுக்குகிறவள்போல் குனிந்தாள். குனிந்தபடியே கேட்டாள்: “ஒங்க மகளுக்குக் கை தாராளமா மாமா? தாராளம்னா இங்க ரொம்பக் கஷ்டம்.”

கடற்கரை

செந்தூரில் கடலில் முழுகி, அரிசியைக் கோயிலில் சேர்த்தேன். உப்புத் தண்ணீர் கொப்புளத்தில் பட்டு எரிந்தது. அது நல்லதாகத்தான் இருந்தது, வேறு நினைப்பு வராமல். சன்னதியில் எல்லாரும் அழுதார்கள், கூப்பிட்டார்கள். நான் மகளை மீட்டுக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தவன். சொல்ல வாய் வரவில்லை. மீட்டுக் கொடுத்த பிள்ளையை எந்தக் கையில் கொடுக்க இருந்தேன்? அந்த வீட்டில் தூண்களைப் பார்த்தேன், நெற்குதிரைப் பார்த்தேன், வெள்ளிக் கூஜாவைப் பார்த்தேன். அரிசிப் பானையைத் திறந்து மூடுகிறவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மணலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மையிடம் போய் உட்கார்ந்தேன். “ஒரு இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு மாற்றினால் பாவமா?” என்று கேட்டேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று ஆசை. அவள் என்னையும் பார்த்தாள், கடலையும் பார்த்தாள். “அந்த வீட்டுல எனக்கு அரிசியே போடல அண்ணாச்சி,” என்றாள், “நான் எப்படி அவங்களுக்கு நல்லது சொல்லுவேன்?”

வெற்றிலைத் தட்டு

ஊருக்கு வந்து காந்திமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பிச்சைப் பையைத் துவைத்துக் காயப்போட்டாள். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே கேள்விதான். என்ன காரணம் சொல்லி மறுப்பது? கண்டதைச் சொன்னால், ‘வந்து நின்றவன் அவனா? அவனிடம் குனிந்து என்னட்டி பேசினே?’ என்று அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும்.

எங்களுக்குச் சிரமம் வைக்காமல் தேவசகாயம் உதவிவிட்டான். நல்ல மனசுக்காரன், எனக்கு வேலை தேடித்தருகிறேன் என்று பாளையங்கோட்டையில் பார்த்தவர்களிடமெல்லாம், ‘பாவம், ரங்கூனிலிருந்து வந்து இங்கன பிச்சை எடுக்கான்’ என்று சொல்லியிருக்கிறான். பேச்சு ஆற்றைவிட வேகமாக ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. நிச்சயத்துக்கு நாள் குறிக்க வேண்டிய சம்பந்தி, அதற்கு முன்னாலேயே ஒரு நாள் வந்து இறங்கினார். கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அதைக் கீழே வைக்காமலே உட்கார்ந்தார். நான் அதே மஞ்சள் வேட்டியில் இருந்தேன். தாடியையும் எடுக்கவில்லை.

“பாளையங்கோட்டையில ஒரு பேச்சு. நீங்க வந்து… தெருவுல… நான் நம்பல பாத்துக்கிடுங்க” என்றார்.

“எடுத்தேன் அண்ணாச்சி” என்றேன்.

“எடுத்தியளா?”

“வாசல் வாசலா எடுத்தேன்.”

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ‘நேர்ச்சை’ என்கிற ஒரு சொல் பாக்கி இருந்தது. பார்த்தவனிடமெல்லாம் நான் கதறிய சொல் அது. அதைச் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டு தட்டை நீட்டிவிடுவார். கதவுக்குப் பின்னால் காந்திமதி நின்றாள். அவள் நேர்ந்த நேர்ச்சை. சொல்ல எனக்கில்லாத உரிமை அவளுக்கு இருந்தது. அவள் மூச்சுக்கூட விடவில்லை. எங்கள் தெருவுக்கும் வந்தீர்களா என்று சம்பந்தி கேட்கவில்லை. வாசலில் நின்றவன் முகத்தைப் பார்க்காதவருக்கு அந்தக் கேள்வி வராது. “அப்போ அந்தப் பல்லு?” என்று மட்டும் கேட்டார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன். அவர், ‘சரிதான், வெறும் தங்கப் பூச்சு’ என்று தனக்குத்தானே தலையசைத்துக்கொண்டு எழுந்தார். தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வண்டியில் ஒரு கால் வைத்தபடி சொன்னார்: “ஜாதகத்துல ஒரு சின்ன இடைஞ்சல் இருக்குன்னு எங்க ஜோசியர் முன்னயே சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாரு.”

செண்பகம் கேட்டது

வண்டி தெருமுனை திரும்பியதும் செண்பகம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பயந்தேன். அவள் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னேன். அந்தக் கையை விரல் விரலாகப் பிரித்ததைச் சொல்லும்போது அவள் தன் கையை மடக்கிக்கொண்டாள்.

“அந்த அக்கா பேரு என்னப்பா?” என்றாள். சம்பந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை என்று திரும்புகிற வழியெல்லாம் மனசுக்குள் குறைப்பட்டுக்கொண்டு வந்தவன், என் மகளைக் காப்பாற்றியவளின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் வந்திருக்கிறேன். அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்காக நான் நிற்க ஒரு வாசலும் இல்லை. செண்பகம் கோபமில்லாமல்தான் கேட்டாள்: “நமக்கு அரிசி போட்டவங்க பேருகூடக் கேக்காமலாப்பா வந்திய?”

பிச்சைக்காரன் மகள் என்று தெரிந்த பிறகும் பெண் கேட்டு ஒரு வீடு வருகிறவரைக்கும், ரங்கூன் பல் வெளியே தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இப்போதைக்கு என் உத்தியோகம்.